இருபது கணினிக்கு ஒரு தாய்க் கணினி

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாடசாலைகளின் கணினிக் கூடங்களில் 'போமட் அடிப்பது' என்ற பெயரில் நடக்கும் வேலையில் எத்தனையோ நாட்கள் வீணாகின்றன. விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவதுதான் அது. ஒரு கணினியை மட்டும் தயாரித்து அதையே மற்றவற்றுக்கு நகலெடுத்தால் அந்த நாட்களை மீட்கலாம், அதற்குப் பெரிய செலவும் இல்லை. அதிபர்களும் தகவல் தொழினுட்ப ஆசிரியர்களும் வலயக் கல்வி அலுவலகங்களும் கவனிக்க வேண்டும் என்பதற்காக இதை விரிவாக எழுதுகிறோம்.

இருபது கணினி உள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ ஒருவர் பென்ட்ரைவோடு வருகிறார். ஒரு கணினியில் விண்டோஸ் ஏற அரை மணி நேரம். அதன்பின் ட்ரைவர், ஒபிஸ், தமிழ் எழுத்துரு, பிரிண்டர், அப்டேட் என்று போனால் கணினி ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். இருபதுக்கு நாற்பது மணி நேரம். மூன்று நான்கில் ஒரே வேளையில் ஓட்டினாலும் இரண்டு நாள் போய்விடும். அப்டேட்டுக்கு ஒரு கணினி 4 ஜீபி இழுத்தால் கூடம் முழுவதும் 80 ஜீபி. சிம் போட்ட ரவுட்டரை நம்பியிருக்கும் தோட்டப் பாடசாலையால் அதைத் தாங்க முடியாது. இவ்வளவுக்கும் பிறகு ஏழாவது கணினியில் தமிழ் விசைப்பலகை இருக்காது, பதினோராவதில் பைதன் நிரல்மொழி இருக்காது. சாதாரண தர மாணவர்களுக்குச் செய்முறை நடத்தும் ஆசிரியர் பாடவேளையில் பாதியை அதற்கே இழக்கிறார்.

2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 க்கு டீபீஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, யூஈஎப்ஐ என்ற புதிய தொடக்க முறை, 4 ஜீபி ரேம், 64 ஜீபி இடம் வேண்டும்; இன்டெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையக்கூடாது. அன்பளிப்பாக மலைக்கு ஏறி வரும் கணினிகளில் பல நான்காம், ஆறாம் தலைமுறையைச் சேர்ந்தவை. அவற்றை லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமைக்கு மாற்றுவதா, புதியவை வரும்வரை பொறுப்பதா என்று ஒவ்வொரு பாடசாலையும் தீர்மானிக்கட்டும். எதைத் தீர்மானித்தாலும் எல்லாக் கணினியிலும் பணிசெயல் முறைமையை மறுபடி ஏற்றியே ஆகவேண்டிய காலம் இது. ஒன்றொன்றாக ஏற்ற வேண்டியதில்லை என்பதே நாங்கள் சொல்ல வருவது.

தேயிலை மலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நல்ல தாய்ச் செடியொன்றைத் தெரிந்து, அதிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டுகளை வெட்டி நட்டால் ஆயிரம் கன்றும் தாயைப் போலவே வரும். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் டீஆர்ஐ 2025 என்னும் பெயருள்ளது போன்ற வகைகள் மலை மலையாகப் பரவியது இப்படித்தான். தாயில் குறையிருந்தால் கன்று அத்தனையிலும் அதே குறை வரும். கணினியிலும் ஒன்றைக் குறையின்றித் தயாரித்து, அதன் ஹாட்டிஸ்க்கை அப்படியே ஓர் இமேஜாக, அதாவது முழு நகலாக எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் வலையமைப்பு வழியாக ஒரே நேரத்தில் எழுதிவிடலாம். தாய்க் கணினியைத் தயாரிக்க ஒரு முழு நாள் செலவிட்டாலும் நட்டமில்லை.

இதற்குப் பல மென்பொருட்கள் உண்டு. பாடசாலைக்கு நாங்கள் முதலில் சிபாரிசு செய்வது குளோன்சில்லா. தைவானின் தேசிய உயர்திறன் கணினி நிலையத்தில் உருவான கட்டற்ற மென்பொருள் அது. பணம் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். அதை ஒரு பென்ட்ரைவில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கிகாபிட் வலையமைப்புப் போர்ட் உள்ள ஏதாவது ஒரு கணினி சேர்வராக, அதாவது மற்றவற்றுக்கு இமேஜை அனுப்பும் கணினியாக இருக்கும். இமேஜ் வைக்க 500 ஜீபி வெளி ஹாட்டிஸ்க் ஒன்று. கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் 24 போர்ட் கிகாபிட் சுவிட்ச் ஒன்று. விலை கூடிய மெனேஜ்ட் சுவிட்ச் தேவையில்லை, சாதாரணமானதே நல்லது. கெட்-5ஈ வலையமைப்புக் கேபிள்கள். சேர்வரையும் சுவிட்சையும் தாங்க ஒரு யூபிஎஸ். சீஆர்2032 பற்றரி இருபது. பற்றரி எதற்கு என்று பிறகு சொல்கிறோம்.

சுவிட்சில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பழைய 100 மெகாபிட் சுவிட்சில் உண்மையில் ஒரு செக்கனுக்குப் போவது சுமார் 11 மெகாபைட். சுருக்கிய இமேஜ் 12 ஜீபி என்றால் ஒரு கணினிக்குப் 18 நிமிடம். இருபது கணினிக்கும் தனித்தனியாக அனுப்பினால் ஆறு மணி நேரம். ஒரே ஓட்டத்தை இருபதும் சேர்ந்து வாங்கிக்கொள்ளும் மல்டிகாஸ்ட் முறையில் அனுப்பினால் அந்தப் பழைய சுவிட்சிலும் இருபதுக்கும் சேர்த்து அதே 18 நிமிடந்தான். கிகாபிட் சுவிட்ச் என்றால் வலையமைப்பு ஒரு தடையே அல்ல. ஹாட்டிஸ்க் எழுதும் வேகந்தான் எல்லை. ஆனால் மல்டிகாஸ்டில் எல்லோரும் மிக மெதுவானவனுடைய வேகத்துக்கே நடக்க வேண்டும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு சோடிக் கம்பிகளும் தேவை, 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தால் அந்தக் கணினி சத்தமில்லாமல் 100 க்கு இறங்கிவிடும், கூடம் முழுவதும் அதனுடன் இறங்கும். வேலை தொடங்கு முன் சுவிட்சில் ஒவ்வொரு போர்ட்டின் விளக்கு நிறத்தையும் பார்த்துக்கொண்டால் ஒரு மணி நேரம் மிச்சமாகும். வைபையில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது கணக்கெடுப்பு. கொப்பி ஒன்றில் ஒவ்வொரு கணினியின் மொடல், ரேம், ஹாட்டிஸ்க்கின் அளவு, மெக் முகவரி (வலையமைப்பு அட்டையின் எண்), அது பழைய பயோஸ் முறையில் தொடங்குகிறதா யூஈஎப்ஐ முறையிலா என்பதை எழுதுங்கள். பயோஸ் முறையில் எடுத்த இமேஜ் யூஈஎப்ஐக்கு மட்டும் அமைத்த கணினியில் எழும்பாது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே முறைக்கு மாற்றிவிட்டே தொடங்க வேண்டும். ஹாட்டிஸ்க்கில் இன்னொரு பொறி உண்டு. இமேஜ் எடுத்த டிஸ்க்கை விடச் சிறிய டிஸ்க்கில் எழுதக் குளோன்சில்லா மறுத்துவிடும். 240 ஜீபி எஸ்எஸ்டியும் 256 ஜீபி எஸ்எஸ்டியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான். 256 இல் எடுத்தது 240 க்குள் போகாது. கூடத்தில் இருப்பதிலேயே சிறிய டிஸ்க் உள்ள கணினியைத் தாயாகத் தெரிந்தால் இந்தச் சிக்கலே வராது. பெரிய டிஸ்க்குகளில் மிஞ்சும் இடத்தை, டிஸ்க்கின் பிரிவுகளான பார்ட்டிஷன்களை விகிதப்படி உருவாக்கும் தெரிவைக் கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம்.

தாய்க் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஆசிரியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும், தொழினுட்பவியலாளர் தானாக முடிவு செய்யக்கூடாது. லிப்ரே ஒபிஸ், ஸ்க்ராட்ச், பைதன், வகுப்புக்கான மற்றவை, பிரிண்டர், கொழும்பு நேரம். தமிழை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டும். இலங்கைத் தரம் 1326 இல் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையையும் யுனிகோட் எழுத்துருக்களையும் தாயிலேயே சேர்த்துவிட்டால் இருபதிலும் இருக்கும். பழைய வினாத்தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினி இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். அதையும் சேர்த்துவிடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் இலங்கைத் தமிழ் விசைப்பலகை கிடைக்கிறது, அதைத் தாயிலேயே தெரிவு செய்துவிடுங்கள்.

தாயில் இருக்கக்கூடாதவையும் உண்டு. ஆசிரியரின் ஜீமெயில் திறந்தபடி இருக்கும் பிரவுசர், வைபை கடவுச்சொல், மாணவர் புள்ளிப் பட்டியல், பெயர் விபரங்கள் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு கணினியில் மறந்து விட்டது இருபதிலும் போய் உட்கார்ந்துவிடும்.

விண்டோஸ் என்றால் இமேஜ் எடுக்கு முன் மூன்று வேலை. முதலாவது, கணினியை வேகமாக எழுப்பும் பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி முழுமையாக அணைக்க வேண்டும். இல்லையென்றால் கணினி அரைத் தூக்கத்தில் கிடக்கும், குளோன்சில்லா அந்தப் பார்ட்டிஷனைத் தொட மறுக்கும். இரண்டாவது, டிஸ்க்கை மறைகுறியாக்கும் பிட்லொக்கர் பூட்டை நீக்க வேண்டும். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகள் கேட்காமலே பூட்டிவிடுவதுண்டு. பூட்டிய டிஸ்க்கின் உள்ளே எது கோப்பு, எது வெற்றிடம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. 25 ஜீபிக்குப் பதிலாக டிஸ்க் முழுவதையும் எழுத்துக்கு எழுத்து நகலெடுக்கும். மூன்றாவது, விண்டோஸை நகலெடுக்கத் தயார்படுத்தும் சிஸ்பிரெப். இதைப் பலர் தவிர்க்கிறார்கள், தவிர்க்கக்கூடாது. ஒவ்வொரு விண்டோஸுக்கும் எஸ்ஐடி என்ற அடையாள எண் உண்டு. சிஸ்பிரெப்பில் 'ஜெனரலைஸ்' என்பதைத் தெரிந்து ஓட்டினால் அந்த எண் அழியும், ஒவ்வொரு நகலும் முதல் தடவை எழும்பும்போது தனக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். முன்பெல்லாம் இதை விட்டாலும் சின்னக் கூடங்களில் வெளியே தெரியாது. 2025 ஓகஸ்ட் இறுதிக்குப் பின் வந்த அப்டேட்டுகளோடு விண்டோஸ் 11 இன் 24எச்2 போன்ற பதிப்புகள் இதைச் சோதிக்கின்றன. ஒரே எண் கொண்ட இரண்டு கணினிகளுக்கு இடையே கோப்புப் பகிர்வும் பிரிண்டரும் மறுக்கப்படலாம்.

சிஸ்பிரெப் சில வேளை பாதியில் விழும். ஸ்டோர் செயலி ஒன்று ஒரேயொரு பயனருக்கு மட்டும் ஏறியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். அதனால் தாயைத் தயாரிக்கும் நேரத்தில் அதை இன்டர்நெட்டிலிருந்து பிரித்து வையுங்கள், அப்டேட் வேண்டுமென்றால் முதலிலேயே முடித்துவிடுங்கள். சிஸ்பிரெப் ஓட்டு முன் ஓர் இமேஜ், ஓட்டிய பின் ஓர் இமேஜ் என இரண்டு எடுத்து வைப்பது நல்லது. விழுந்தால் முன்னதற்குத் திரும்பலாம். ஓட்டி அணைத்த பின் அந்தக் கணினியைத் தவறியும் விண்டோஸுக்குள் எழும்ப விடக்கூடாது, நேரே குளோன்சில்லா பென்ட்ரைவிலிருந்தே எழுப்ப வேண்டும்.

லினக்ஸில் வேலை குறைவு. கணினியின் அடையாள எண் உள்ள மெஷின்-ஐடி கோப்பை அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் வெறுமையாக்குங்கள்; தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச் சாவிகள் இருந்தால் அழித்து, ஒவ்வொரு நகலிலும் புதிதாக உருவாக்குங்கள், அவ்வளவுதான். மெஷின்-ஐடியை விட்டுவிட்டால் சில அமைப்புகளில் இரண்டு கணினி ஒரே ஐபி முகவரியை வாங்கிக்கொண்டு மாறி மாறி வலையமைப்பிலிருந்து விழும்.

இமேஜை எடுத்து முடித்ததும் மீள எழுதக்கூடியதாக இருக்கிறதா என்று சோதிக்கவா எனக் குளோன்சில்லா கேட்கும். பத்து நிமிடம் போனாலும் ஆம் என்று சொல்லுங்கள். பிறகு சேர்வரில் 'லைட் சேர்வர்' முறையைத் தெரிந்து, மல்டிகாஸ்ட், இருபது கணினி சேரும்வரை அல்லது 300 செக்கன் ஆகும்வரை காத்திரு என்று அமையுங்கள். கணினிகளைப் பீஎக்ஸ்ஈ முறையில், அதாவது வலையமைப்பிலிருந்து எழுப்ப வேண்டும். டெல், லெனோவோவில் எப்12, எச்பீயில் எப்9. பயோஸில் உள்ள 'செக்கியூர் பூட்' (Secure Boot) என்ற தொடக்கப் பாதுகாப்பை அந்த நேரம் நிறுத்தி வையுங்கள்.

இங்கேதான் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். காரணம் அநேகமாக ரவுட்டர். கூடத்தின் ரவுட்டரும் கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கிறது, குளோன்சில்லாவும் கொடுக்கிறது. கணினி முதலில் வந்ததை வாங்கிக்கொண்டு வழி தெரியாமல் நிற்கும். வேலை முடியும்வரை ரவுட்டரின் கேபிளைச் சுவிட்சிலிருந்து கழற்றி வைத்தால் தீர்ந்தது. திரையில் வரும் எண்ணும் உதவும். ஈ61 என்றால் கேபிளைப் பாருங்கள். ஈ51 என்றால் முகவரி கொடுக்க யாருமில்லை. ஈ53 என்றால் முகவரி கிடைத்தது, எதைத் தொடங்குவது என்ற கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இன்னும் ரவுட்டர்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஈ32 என்றால் கோப்பைக் கேட்டும் பதில் வரவில்லை, சேர்வர் பக்கம் பாருங்கள்.

மலைக்கே உரிய சில விடயங்கள். மின்சாரம் பாதியில் போனால் எழுதிக்கொண்டிருந்த கணினிகளில் பாதி எழுதிய டிஸ்க் இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம்; இமேஜ் பழுதாகாதவரை மறுபடி எழுதினால் சரி. அதனால்தான் யூபிஎஸ்ஸை மாணவர் கணினிக்குக் கொடுக்காமல் சேர்வருக்கும் இமேஜ் டிஸ்க்குக்கும் சுவிட்சுக்கும் கொடுக்கச் சொல்கிறோம். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மழைக்கால ஈரத்தில் பூட்டிக் கிடந்த கூடத்தைத் திறந்தால் சில கணினிகள் பீப் சத்தம் போட்டுவிட்டு நிற்கும். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து மறுபடி செருகினால் பெரும்பாலும் எழும்பிவிடும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி மின்னல் கடுமை. பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, வலையமைப்புக் கேபிளையும் கழற்ற வேண்டும். அந்த வழியாக வரும் மின்னல் சுவிட்சோடு சேர்த்துப் பல கணினிகளைக் கொண்டுபோகும்.

இப்போது பற்றரி. பழைய கணினிகளில் சீஆர்2032 செத்திருக்கும். அதனால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பயோஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பும். டிஸ்க் முறை ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறினால் நேற்று நன்றாக ஓடிய விண்டோஸ் இன்று நீலத்திரை காட்டும். இமேஜ் பழுது என்று நினைத்துத் திரும்ப எழுதுவார்கள், திரும்பவும் அதேதான். திகதி பின்னுக்குப் போனால் பிரவுசர் எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுக்கும். சின்னப் பற்றரிதான், ஆனால் இமேஜ் எழுது முன் இருபதையும் மாற்றிவிடுவதே புத்தி.

ஒரே மொடல் கிடைக்காமல் ஐந்து விதக் கணினிகள் கலந்திருக்கும் கூடத்துக்கு இமேஜை விட விடைக்கோப்பு பொருத்தம். நிறுவும்போது திரை கேட்கும் மொழி, நேரம், பார்ட்டிஷன், பயனர் பெயர் எல்லாவற்றுக்கும் பதிலை முன்கூட்டியே ஒரு கோப்பில் எழுதி வைப்பது. டெபியனில் அதற்குப் பிரிசீட், உபுண்டுவில் ஓட்டோஇன்ஸ்டோல், பெடோராவில் கிக்ஸ்டார்ட், விண்டோஸில் ஓட்டோஅனட்டென்ட் என்று பெயர். விண்டோஸின் கோப்பைப் பென்ட்ரைவின் முதல் மட்டத்திலேயே வைத்தால் போதும், அது தானாகவே எடுத்துக்கொள்ளும். டெபியன், உபுண்டு என்றால் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு சேவையைச் சேர்வரில் ஓட்டுங்கள். ஒரு மென்பொருள் பொதியை ஒரு தடவை இறக்கி மற்றப் பத்தொன்பதுக்கும் அங்கிருந்தே கொடுக்கும். விடைக்கோப்பில் டிஸ்க்கை அழிக்கும் கட்டளையும் இருக்கிறது, அது யாரையும் கேட்காது. அந்தப் பென்ட்ரைவை அதிபர் அலுவலகக் கணினியில் செருகியபடி மறந்து, அந்தக் கணினி யூஎஸ்பியிலிருந்து எழும்பினால், வருடக்கணக்கான கோப்புகள் போய்விடும். சிவப்பு ஒட்டு நாடா சுற்றிப் பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது. கடவுச்சொல்லும் அந்தக் கோப்பில் எளிதில் வாசிக்கும்படி இருக்கக்கூடும், ஆகவே நிறுவி முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணினியோடு வந்த ஓஈஎம் விண்டோஸ் உரிமம், அதையே இமேஜாக்கி மற்றக் கணினிகளுக்கு எழுத இடம் தராது. அதற்குப் பல கணினிக்குச் சேர்த்து வாங்கும் வொலியூம் உரிமம் வேண்டும். உரிமம் வாங்கப் பணமில்லை என்று கிராக் செய்த விண்டோஸைத் தாயாக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கிராக்கோடு வரும் வைரஸையும் நாமே இருபது பிரதி எடுக்கிறோம் என்பதை நினைக்க வேண்டும். லினக்ஸில் இந்தக் கவலையே இல்லை. எத்தனை கணினிக்கும் எத்தனை தடவையும் எழுதலாம், பக்கத்துப் பாடசாலைக்கும் கொடுக்கலாம். அன்பளிப்பாக வந்த பழைய கணினிகளுக்கு லினக்ஸையே நாங்கள் சொல்வோம். விண்டோஸில்தான் கற்பிக்க வேண்டிய பகுதிக்கு நான்கைந்து நல்ல கணினியைத் தனியாக ஒதுக்கலாம்.

எங்கள் வேண்டுகோள் மூன்று. கணினி அன்பளிப்புச் செய்யும் பழைய மாணவர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் தோட்ட நிர்வாகங்களும் முப்பது கணினியை ஐந்து விதமாகத் தராமல் இருபதை ஒரே மொடலில் தாருங்கள்; மிச்சப் பணத்தில் ஒரு கிகாபிட் சுவிட்சும் ஒரு வெளி ஹாட்டிஸ்க்கும் சேர்த்துத் தாருங்கள். கூடத்தை அமைத்துக் கொடுக்கும் தொழினுட்பவியலாளர்கள் இமேஜையும் இரண்டு பக்கத் தமிழ்க் குறிப்பையும் கொடுக்காமல் போகக்கூடாது; அதிபர்கள் அதைப் பெற்ற பின்பே பணத்தைக் கொடுக்கட்டும். வலயக் கல்வி அலுவலகங்கள் தங்கள் கணினி வள நிலையங்களில் ஒவ்வொரு பாடசாலையின் இமேஜிலும் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, மேலே சொன்ன சுவிட்ச், கேபிள், யூபிஎஸ் அடங்கிய ஒரு பெட்டியை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் விடுமுறைகளில் பாடசாலை பாடசாலையாகச் சுற்றுக்கு விடலாம்.

பாடசாலைப் பிரதியை அலுமாரியில் பூட்டி, டிஸ்க்கின் மேல் திகதி, கணினி மொடல், பணிசெயல் முறைமையின் பதிப்பு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். கடவுச்சொல்லை அதில் எழுத வேண்டாம். அது அதிபரின் பதிவேட்டில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாடசாலைக் கணினிக் கூடங்களைப் பராமரிக்கும் தொழினுட்பவியலாளர்கள் சிலர்,
ஹட்டன்.